நோயாளி எழுதிய கடிதங்கள்

நெல்லைச் சீமையில் டோனாவூர் என்று ஓர் ஊர். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல், கோயில்களில் பொட்டுக்கட்டப்பட இருந்த பெண் குழந்தைகளுக்கு அங்கே அடைக்கலம் கொடுத்து வளர்த்தார். பிள்ளைகளுக்கு அவர் ‘அம்மா’.

1931 அக்டோபரில் களக்காட்டுக்கு ஒரு வீட்டைப் பார்வையிடப் போனவர், அந்தி வெளிச்சத்தில் குழிக்குள் விழுந்தார். கால் முறிந்தது. 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். குணமாக வேண்டும் என்று எல்லாரும் ஜெபித்தார்கள், குணமாகவில்லை.

படுத்தபடியே நூல்கள் எழுதினார். அவற்றில் ஒன்று, நோயாளிகளுக்கு ஒரு நோயாளி எழுதிய கடிதங்கள். நல்ல உடம்போடு இருப்பவர்கள் எழுதிய ஆறுதல் மொழிகள் தமக்கு ஒட்டவில்லை என்பது அவர் சொன்ன காரணம். நியாயம்தானே? தம் வலி சிலுவையில் பாடுபட்ட இயேசுவுக்குத் தெரியும் என்பதே அவர் பிடித்துக்கொண்ட நம்பிக்கை.

பைபிளில் நோயுற்ற யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களும் முதலில் ஏழு நாள் அவரோடு தரையில் மௌனமாகத்தான் உட்கார்ந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து அவர் துன்பத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் வினை!

இன்று யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறீர்களா? பழம் வாங்கிப் போங்கள். உபதேசம் வேண்டாம்.