அகார்: ஒரு மலாய்ச் சொல்லின் ஆய்வகப் பயணம்



உலகெங்கும் உள்ள மருத்துவ ஆய்வகங்களில் ஒரு மலாய்ச் சொல் அன்றாடம் வழங்குகிறது. அதுதான் 'அகார்'. பண்டிகை நாள்களில் நாம் வண்ணமூட்டி, துண்டு போட்டு உண்ணும் அதே அகார் அகார். 'சலசல' என்னும் இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் நிற்காது. மலாயிலும் இச்சொல் அத்தகையதே. தனித்து வரும் 'அகார்' அம்மொழியில் 'பொருட்டு' என்னும் பொருளுடைய வேறொரு சொல். அறிவியலாரோ இலக்கணம் பாராமல் பாதியை எடுத்துக்கொண்டனர்!

1881ஆம் ஆண்டளவில் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே, காற்றில் உள்ள நுண்ணுயிர்களை ஜெலட்டின்மீது வளர்த்துவந்தார். கோடை வெப்பத்தில் ஜெலட்டின் இளகியது. சில நுண்ணுயிர்கள் அதையே செரித்து நீராக்கின. திரள்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால், எந்த உயிர் எந்த நோய்க்குக் காரணம் என்று எவ்வாறு துணிவது? அவருடைய மனைவி ஃபேனி, ஆய்வுக்கு நுண்ணோக்கிப் படங்கள் வரைந்து உதவியவர். தாம் சமையலில் பயன்படுத்திய அகாரை அவர் பரிந்துரைத்தார். ஜாவாவில் வாழ்ந்திருந்த டச்சுக்காரர்வழி அவர் அறிந்த பொருள் அது.

அகார் ஏறத்தாழ 85 பாகை செல்சியஸில் உருகும். ஆறும்போது 40 பாகைக்கு அருகில் வந்த பின்னரே உறையும். உறைந்தபின் உடல்வெப்பமான 37 பாகையில் வைத்தாலும் குலையாது. பெரும்பாலான நுண்ணுயிர்களால் அதைச் செரிக்கவும் இயலாது. 1882இல் வெளியான காசநோய்க் கட்டுரையில் கோக் அகாரைக் குறிப்பிட்டார். ஹெஸ்ஸே இணையரைக் குறிப்பிடவில்லை. சொல்லின் வரலாற்றைத் தேடுவோருக்கு இந்த மௌனம் உறுத்தவே செய்யும்.

இன்று நோயாளியின் சிறுநீரையோ சளியையோ அகார்த் தட்டில் இட்டு, நோய்க்கிருமியை இனங்காண்கின்றனர். எந்த மருந்து அதனை அடக்கும் என்பதையும் அகார்த் தட்டிலேயே சோதிக்கின்றனர். அகாரிலிருந்து பிரித்தெடுக்கும் அகாரோஸ், டி.என்.ஏ. துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்க உதவுகிறது.

இனி, நம் வகுப்பறைக்கு வருவோம். தமிழில் இப்பொருளைக் 'கடற்பாசி' என்றே பலரும் வழங்குகிறோம். சமையலறைக்கு அது போதும். ஆனால், 'நுண்ணுயிர் கடற்பாசியில் வளர்ந்தது' என்று மாணவர் எழுதினால், கடலில் உள்ள தாவரத்தின்மீதா, தட்டில் உள்ள சாற்றின்மீதா? 'கூழ்மம்' என்றாலும் தீராது; ஜெலட்டினும் கூழ்மமே. தூய தமிழில் எனக்குப் பற்றுண்டு. எனினும் இவ்விடத்தில் 'அகார்' என்றே எழுதச் சொல்வேன். கடலில் விளைவது கடற்பாசி. தட்டில் உறைவது அகார். விடைத்தாளைத் திருத்தும்போது ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டுகிறேன்.