கரம் ஆட்டத்தில் ஒரு திருத்தம்



சோழகக் காற்று வலுக்கும் மாதங்களில் மன்னார்த் தீவின் தென்கரையிலுள்ள தாழ்வுபாட்டிலும், வாடை வலுக்கும் மாதங்களில் வடகரையிலுள்ள பேசாலையிலும், வள்ளங்கள் கரையேற்றப்பட்டிருக்கும் பிற்பகலில் நடந்து செல்பவர், காற்றின் இரைச்சலுக்கு ஊடாக மற்றோர் ஓசையையும் கேட்பார். மரத்தில் மரம் மோதும் ஓசை அது. உள்ளே நால்வர் கரம் பலகையைச் சூழ்ந்திருப்பர். அவர்களுக்குப் பின்னால் ஆலோசனை கூறுவோர் பத்துப் பேர் நிற்பர். முற்றத்தில் ஆடினால் என்ன என்று வெளியூரார் கேட்பதுண்டு. தென்கரையில் 2020 ஆம் ஆண்டு முதல் முப்பது காற்றாலைகளைச் சுழற்றிவரும் காற்று, ஒரு சிட்டிகைப் பவுடரையேனும் பலகைமேல் தங்கவிடுமா?

இந்த ஆட்டத்தில் முன்னேறுவதற்கு ஒரேயொரு மாற்றம் சொல்லுங்கள் என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் கலைப் பட்டதாரி; கரத்தில் வீரனுமல்லன். ஆயினும் முப்பது ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்து வந்தவன் என்ற முறையில் விடை கூறுவேன். அடியின் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். குறி, பிடி, விரல் வைக்கும் முறை ஆகிய யாவும் அதன் பின்னரே.

காரணத்தைக் கேளுங்கள். விதிப்படி அமைந்த பலகையின் ஆடுதளம் 74 சென்ரிமீற்றர்ச் சதுரம். குழியின் குறுக்களவு 4.45 சென்ரிமீற்றர்; காயின் குறுக்களவு 3.18 சென்ரிமீற்றருக்கு மேற்படாது. இடைவெளி தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் குழி என்பது வாயிலன்று, பள்ளம். காய் அதற்குள் நுழைவதில்லை, விழுகிறது. விழுவதற்கு நேரம் வேண்டும். எங்கள் பௌதிகவியல் ஆசிரியர் இதனைக் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினார். எந்தப் பொருளும் ஒரு மில்லிமீற்றர் விழுவதற்கு ஒரு செக்கனில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கு நேரம் செல்லும். செக்கனுக்கு இரண்டு மீற்றர் வேகத்தில் ஓடும் காய், அதற்குள் மூன்று சென்ரிமீற்றர் கடந்துவிடும். ஆகவே குழியின் மேலே அது ஏறக்குறைய பறந்தே செல்கிறது. நேராகச் சென்றிருந்தால் மூலையில் மோதி விழலாம், மயிரிழை பிசகியிருந்தால் சட்டத்தில் பட்டு வெளியே வந்துவிடும். அதே பிசகோடு மெல்லச் செல்லும் காய் விளிம்பில் தயங்கி உள்ளே சாய்கிறது. வேகம் கூடக் கூட நமக்கு நாமே குழியைச் சிறிதாக்கிக்கொள்கிறோம்.

பில்லியட்ஸ் மேசையில் இந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். அங்கே வெள்ளைப் பந்து நின்ற இடத்திலிருந்தே அடுத்த அடியை அடிக்க வேண்டும். ஆகையால் பந்து எங்கே ஓய்வு பெறும் என்பதை முன்னரே எண்ணாதவன் ஒரு நாளும் தேறமாட்டான். 1973 ஆம் ஆண்டு பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தை வென்று வந்த நம் நாட்டவரான எம். ஜே. எம். லாபிர் அவர்களின் கலை அந்த அடக்கத்தில் இருந்தது. கரத்திலோ ஸ்ட்ரைக்கர் ஒவ்வொரு முறையும் நம் கைக்குத் திரும்பி வந்துவிடுகிறது. அதனால் வேகத்திற்குத் தண்டனையே இல்லையென்று மயங்கிவிடுகிறோம். தண்டனை உண்டு. சிதறிப்போன நமது காய்களும், எதிரியின் குழிவாயில் நாமே கொண்டுபோய் வைத்துவிட்ட அவனுடைய காய்களும், காயின் பின்னாலேயே குழிக்குள் இறங்கி அபராதம் வாங்கித் தரும் ஸ்ட்ரைக்கரும் அந்தத் தண்டனையே. மெல்ல அடித்துத் தவறினால், காய் குழியருகிலேயே நின்று மறுமுறைக்குக் காத்திருக்கும்.

பலகையைக் கலைக்கும் முதல் அடிக்கும், எதிர்ச் சட்டத்தில் பட்டுத் திரும்ப வேண்டிய அடிக்கும் விசை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அவை ஓர் ஆட்டத்தில் எத்தனை வரும்?

மன்னார்ப் பிள்ளைகளிடம் இக்குறை மிகுந்திருப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கடற்காற்றின் ஈரம் பலகைக்குள் ஊறுகிறது. மரம் ஊதுகிறது, பவுடர் கட்டியாகிறது, காய் நகர மறுக்கிறது. பழைய பலகைகளில் நடுப்பகுதி தாழ்ந்துமிருக்கும். அத்தகைய பலகையில் வளர்ந்த கை, பலமாக அடித்தே பழகிவிடுகிறது. பின்னர் மாகாணப் போட்டியில், புதிய பலகையும் நுண்ணிய பவுடரும் கண்ணாடிபோல் வழுக்கும்போது, அதே கை எல்லாக் காய்களையும் நாலாபுறமும் ஓட்டிவிடுகிறது. எங்கள் பிள்ளைகள் இவ்வாறு தோற்றதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கண்டும் நான் திருந்தியிருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பெண்கள் அணியைத் தெரிவு செய்யும் பொறுப்பை நானே ஏற்றிருந்தேன். தரம் பதினொன்றில் படித்த ஒரு மாணவி வந்து ஆடினாள். மெலிந்த மணிக்கட்டு, அடித்தால் ஓசையே எழாது. நான்கைந்து அடிகளைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குக் கையில் பலம் காணாது" என்று பக்கத்திலிருந்த ஆசிரியரிடம் கூறினேன். அவள் காதில் விழும்படியே கூறினேன். அவள் ஸ்ட்ரைக்கரைப் பலகையின் நடுவில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த அடிகளில் எத்தனை காய்கள் விழுந்தன என்று நான் எண்ணியிருக்கவில்லை.

அணி மாகாணமட்டத்தில் முதற் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியது. அடுத்த வாரம் ஒரு மாலை, மண்டபத்தின் வழியே செல்லும்போது, அந்தப் பெண் அணித்தலைவியுடன் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டேன். தூணருகே நின்றேன். ஏழு காய்கள் தொடர்ந்து விழுந்தன. ஒன்றேனும் சட்டத்தில் பட்ட ஓசை கேட்கவில்லை.

எங்கே பழகினாய் என்று கேட்டபோது, "வீட்டிலதான் சேர்" என்றாள். தகப்பனார் இரவுத் தொழிலுக்குப் போய் விடியற்காலையில் வருபவர். பகலில் உறங்க வேண்டும். ஓரறை வீட்டில் தம்பியும் அவளும் பலகையை வைத்து ஆடுவார்கள். காய் சட்டத்தில் மோதினால் அவர் விழித்துக்கொள்வார். பலகை அன்றே பரணுக்குப் போய்விடும். ஆகையால் ஓசையின்றிக் காய் விழுத்த இருவரும் தாமாகவே பழகிக்கொண்டனர். நான் பலவீனம் என்று கண்டது இதைத்தான்.

கரத்துக்குரிய சர்வதேச சம்மேளனம் 1988 இல் சென்னையில் தோன்றியது. விதிகளின்படி ஆடுபவர் ஆசனத்தை விட்டு எழக் கூடாது; ஸ்ட்ரைக்கரின் எடையும் 15 கிராமுக்கு மேற்படலாகாது. உடற்பலத்துக்கு அங்கே என்ன வேலை? 2024 இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா, சென்னையைச் சேர்ந்த ஓட்டோச் சாரதி ஒருவரின் மகள்; அப்போது அவருக்கு வயது பதினேழு. இந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்த அன்று எனக்கு எங்கள் மாணவியின் நினைவே வந்தது. அடுத்த ஆண்டுத் தெரிவின்போது அவளை அழைக்க எண்ணியிருந்தேன். அதற்குள் அவள் சாதாரணதரப் பரீட்சை எழுதி, பள்ளியை விட்டு நீங்கியிருந்தாள்.

வீட்டில் பழக விரும்புவோருக்கு அவளிடம் கற்ற முறையையே சொல்கிறேன். பலகையை வெயிலில் காட்டாமல் நிழலில் உலர்த்தி, உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரு காயைக் குழியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். சட்டத்தில் படும் ஓசை எழாமல் அது விழ வேண்டும். பத்து முறை தொடர்ந்து விழுந்தால் இரண்டு சாண் தூரத்துக்குக் கொண்டு செல்லுங்கள். ஓசை கேட்டால் மீண்டும் ஒரு சாணிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் சலிப்பாகவே இருக்கும். எங்கள் பள்ளியில் இப்போது தெரிவு நாளில் விழுந்த காய்களை ஓர் ஆசிரியர் கொப்பியில் குறித்துக்கொள்கிறார். நான் வாய் திறப்பதில்லை.

அவளுடைய தம்பி இவ்வாண்டு எங்கள் ஆண்கள் அணியில் ஆடுகிறான். தகப்பனார் இன்னமும் பகலில்தான் உறங்குகிறாராம்.