படுக்கையைச் சுமந்த நாலு பேர்

(சபையின் ஆண்டு நிறைவு ஆராதனையின் பின் ஆற்றிய உரை)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று நீங்கள் நினைக்கலாம். சற்று முன் பாடகர் குழுவில் நின்று பாடிய என் மனைவியைக் கண்டீர்கள். மூன்று வருடங்களுக்கு முன், இதே விழா நாளில், அவர் லண்டனில் ஒரு வைத்தியசாலையில் கண் திறக்காமல் கிடந்தார். அதில் என் பிழையும் இருந்தது. அதைச் சொல்லவே இன்று நிற்கிறேன்.

அவருக்கு மார்புப் புற்றுநோய் என்று தெரிந்ததும், "வெளியில ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது" என்று மகளுக்குக் கட்டளையிட்டேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. நாலு பேர் அறிந்தால் நாலு விதமாகக் கதைப்பார்கள் என்பது என் பயம்.

இரண்டாவது கீமோ ஏற்றிப் பத்தாம் நாள், சனி இரவு, அவருக்கு நடுக்கம் எடுத்தது. வெப்பமானி 38.4 காட்டியது. 38 பாகை வந்தால் எந்த நேரமென்றாலும் உடனே தொலைபேசி எடுக்க வேண்டும் என்று வைத்தியசாலை தந்த அட்டையில் இருந்தது. நானோ இரண்டு பனடோல் கொடுத்து, "விடியட்டும்" என்று படுக்க வைத்தேன். ஏன் தெரியுமா? மகளை விட்டுவிட்டுப் போக ஒரு வீடு இல்லை. விஷயத்தை மறைத்தவன் நடுச்சாமத்தில் யாருடைய கதவைத் தட்டுவது?

அதிகாலை நாலு மணிக்கு அவர் என்னை அடையாளம் தெரியாமல் பேசத் தொடங்கினார். அம்புலன்ஸ் வந்தது. மகளையும் இரவு உடுப்போடு ஏற்றிக்கொண்டு போனேன். காத்திருக்கும் இடத்தில் அவள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, போன வருசம் நான் பள்ளிக்கூடத்தால காய்ச்சல் கொண்டு வந்தபடியாத்தானே அம்மாவுக்கு இந்த வருத்தம் வந்தது?" இத்தனை வாரமாக அந்தப் பாரத்தை அவள் தனியே சுமந்திருக்கிறாள். சொல்லாதே என்று நான் அடைத்த வாய் அது.

பிள்ளைகளே, அன்று அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். புற்றுநோய் தடிமன் போலத் தொற்றாது. நீங்கள் சண்டை பிடித்ததாலோ, சொல் கேளாததாலோ அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ அது வருவதில்லை. உடம்பில் சில கலங்கள் அடங்காமல் பெருகுவதுதான் இந்த நோய். வேகமாகப் பெருகும் கலங்களைக் கீமோ மருந்து தாக்கும். முடியின் வேரிலும் வாயிலும் குடலிலும் உள்ள நல்ல கலங்களும் வேகமாக வளர்கிறவை, அவையும் அடிபடும். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, சத்தி வருகிறது. சிகிச்சை முடிந்தபின் முடி பெரும்பாலும் திரும்ப முளைக்கும். அம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம். உங்களுக்குக் காய்ச்சலோ கொப்புளிப்பானோ இருந்தால் மட்டும் தள்ளி நில்லுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் வழிநடத்திய குழு ஒரு மருந்தை உருவாக்கியது. அதை பொஸ்டனில் சிட்னி பார்பர் என்ற வைத்தியர் இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்து, நோய் சில காலம் தணிந்ததை 1948இல் வெளியிட்டார். இன்றைய கீமோ வளர்ந்துவந்த பாதையில் அது ஒரு முக்கியமான படி.

பெரியவர்களே, காய்ச்சல் ஏன் இவ்வளவு ஆபத்து? கீமோ எலும்பு மச்சையையும் தாக்கும். பல மருந்துகளில், ஏற்றி ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் வெள்ளைக் குருதிக் கலங்கள் மிகக் குறைந்துவிடும். அப்போது ஒரு சிறு கிருமியும் சில மணி நேரத்தில் உயிரைக் கேட்கும். பனடோல் காய்ச்சலை மறைக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. முதலில் தொலைபேசி எடுங்கள். வெப்பமானி சரியாகக் காட்டினாலும் நடுக்கம் இருந்தால் எடுங்கள்.

விடிந்ததும் வெட்கத்தை விட்டுப் போதகரை அழைத்தேன். அன்று விழா முடியுமுன்னே சபை எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

மாற்கு சுவிசேஷத்தில் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நாலு பேரின் பெயர் எழுதப்படவில்லை. வாசல் அடைபட்டிருந்ததால் அவர்கள் கூரையைப் பிரித்தார்கள். ஒருவர் ஒரு மூலையைத்தான் பிடித்தார். மிச்சம் நாலு கீமோவுக்கும் எங்கள் கட்டிலை அப்படியே சுமந்தீர்கள்.

ஒரு மூலை, வாகனம். கீமோ நாள் முழுநாளையும் எடுக்கும். ஓடிக்கொண்டுபோய், பக்கத்தில் பேசாமல் இருந்து, கூட்டி வந்தீர்கள்.

இரண்டாம் மூலை, சாப்பாடு. தாளித்த மணமே அவருக்குக் குமட்டியது. "என்ன சாப்பிட முடியும்?" என்று கேட்டுச் சமைத்தீர்கள்: உறைப்பில்லாத சொதி, இடியப்பம், கஞ்சி, சிறு சிறு பெட்டிகளில், அன்றன்று சமைத்தது. ஊரிலிருந்து வரும் மூலிகைத் தூளையோ குளிசையையோ வைத்தியரைக் கேளாமல் கொடுக்காதீர்கள். சில மருந்துகளோடு மோதும்.

மூன்றாம் மூலை, பிள்ளைகள். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து, வீட்டுப்பாடம் பார்த்து, சிரிக்கவும் வைத்தீர்கள்.

நான்காம் மூலை, கடதாசியும் மொழியும். இங்கிலாந்தில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் மருந்துச் சீட்டுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. அதற்கான விண்ணப்பத்தைக் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லுங்கள், கட்டணம் இல்லை. பத்து வயதுப் பிள்ளை வாயால் அம்மாவின் நோயை அம்மாவுக்குச் சொல்ல வைக்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள். "விசுவாசம் இருந்தால் சுகம் வரும்" என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். நம் சபையிலேயே அருமையாகச் சுமக்கப்பட்ட சிலர் வீடு திரும்பவில்லை. அவர்களிடமும் விசுவாசம் இருந்தது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் இருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் பிழை தொடங்கியது. என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டு வாருங்கள்.

இன்று இந்த மண்டபத்திலும் ஒரு வீட்டார் மறைத்துக்கொண்டு இருக்கக்கூடும். உங்களுக்குத்தான் சொல்கிறேன்: எல்லோருக்கும் சொல்ல வேண்டாம், நாலு பேருக்குச் சொல்லுங்கள். நடுச்சாமத்தில் தட்ட ஒரு கதவு வேண்டும். என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது, உங்கள் பிள்ளைக்கு அவளே படுக்கை விரித்துக் கொடுப்பாள்.

கர்த்தர் நம் எல்லோருடைய கைகளையும் பெலப்படுத்துவாராக. ஆமென்.