ஒரு குழாய் வேலைக்காரரும் உலக யுத்தமும்



இன்று நாம் இங்கு பேச எடுத்துக் கொண்டது ஒரு ராஜாவின் கதையுமல்ல, ரிஷியின் கதையுமல்ல. சீமையில் ஒரு சின்ன ஊரில் ஈயக்குழாய் பற்றவைத்துப் பிழைத்த ஒருவருடைய வாழ்க்கையாகும். ஹாரி பேட்ச் என்பது அவர் பெயர். பாத் நகரை அடுத்த கூம் டவுன் என்னும் ஊரில் ஒரு கல்தச்சருக்கு மகனாய் 1898-ம் வருஷம் பிறந்து, 2009-ம் வருஷம் தமது 111-வது வயதில் காலஞ்சென்றார். முதல் உலக யுத்தத்தில் அகழிக்குள் நின்று சண்டையிட்டவர்களில் கடைசியாக மிஞ்சியிருந்தவர் இவரே. இவருக்கு இருந்த யோக்கியதை நம்முடைய பண்டிதர்களுக்கும் பாதிரிகளுக்கும் இருந்ததில்லை என்பதற்காகவே இவரைப் பற்றிப் பேசுகின்றோம்.

அவர் ஆசைப்பட்டுப் பட்டாளத்திற்குப் போனவரல்ல. அவருடைய அண்ணன் முன்னமே சிப்பாயாய் இருந்து அடிபட்டவர். அங்குள்ள சேற்றையும் சாவையும் தம்பிக்கு ஒளிக்காமல் சொல்லி வைத்திருந்தார். ஆனால் 1916-ல் கட்டாய ராணுவச் சட்டம் வந்துவிட்டது. வயது பதினெட்டு. "வா" என்றது சர்க்கார், போக வேண்டியதாயிற்று.

1917-ல் பெல்ஜியத்தில் பாஷெண்டேல் என்னுமிடத்தில் நடந்த சண்டையில், ஐந்து பேர் சேர்ந்து இயக்கும் லூயிஸ் யந்திரத் துப்பாக்கி ஒன்றில் அவர் ஒருவர். அந்த ஐவரும் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்து கொண்டார்கள். என்ன ஏற்பாடு? கூடுமானவரை எவனையும் கொல்லுவதில்லை, காலைப் பார்த்துச் சுடுவது என்பதாகும். மேலதிகாரிக்குத் தெரிந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

ஒரு நாள் ஒரு ஜெர்மானியன் பயோனெட்டை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். பேட்ச் கையில் ரிவால்வர் இருந்தது. யோசிக்க அவகாசமோ சில விநாடிதான். தோளில் சுட்டார், துப்பாக்கி கீழே விழுந்தது. அப்படியும் அவன் நெருங்கி வரவே, காலில் சுட்டு விழச் செய்தார். கொல்லவில்லை. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அதற்குப் பிறகு சில வாரங்களில், செப்டம்பர் 22-ந் தேதி, தலைக்குமேல் வெடித்த ஒரு பீரங்கிக் குண்டு அந்த ஐவரில் மூவரை இருந்த இடம் தெரியாமல் அழித்துவிட்டது. பேட்சுக்கு வயிற்றுக்குக் கீழே துண்டு பாய்ந்தது. மயக்க மருந்தில்லாமலே, நான்கு பேர் பிடித்துக் கொள்ள அதை எடுத்தார்கள். "அந்த ஜெர்மானியன் இதற்குப் பிறகு என் முன் வந்திருந்தால் கொன்றே இருப்பேன்" என்ற கருத்தை அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். தம்மை மகாத்மாவாக்கிக் கொள்ளாத இந்த நாணயத்தைத்தான் நாம் மெச்சுகின்றோம்.

அந்தக் காலத்தில் கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்பீர்கள். இரண்டு பக்கமும் இருந்தார்! பிரஷ்யச் சிப்பாயின் இடுப்புவாரில் "கடவுள் எங்களோடு" என்று பொறித்திருந்தது. இந்தப் பக்கத்திலோ, ஜெர்மானியரைக் கொல்லுவதைப் புண்ணிய காரியமாக 1915-ல் லண்டன் பிஷப்பே பிரசங்கம் செய்தார். நம் நாட்டுக்காரர் சிரிக்க வேண்டாம். சுற்றத்தாரைக் கொல்ல மனமில்லை என்று வில்லைக் கீழே போட்டவனுக்கு, ஆத்மா சாகாது, ஆகையால் கொல்லு என்று உபதேசம் செய்த புஸ்தகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் நாமே.

யுத்தம் முடிந்து வந்த பேட்சுக்கு மதத்தின் மேலிருந்த நம்பிக்கை நொறுங்கிப் போயிருந்தது. அதை மீட்டுக் கொள்ளலாமென்று ஊர்க் கோயிலின் பாட்டுக் கோஷ்டியில் சேர்ந்தார். பாட்டு பிடித்திருந்தது, சிநேகிதர்கள் இருந்தார்கள்; நம்பிக்கை மாத்திரம் திரும்பவில்லை. ஆனால் அவரை நாஸ்திகர் என்று சொல்லி நாம் சொந்தம் கொண்டாட வரவில்லை. உயிர் போகும் தறுவாயில் ஒரு சிப்பாய் "அம்மா" என்றழைத்ததைக் கேட்ட அவர், சாவோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்று எண்ணினார். நமக்கு அது சம்மதமல்ல. இருந்தாலென்ன?

1919-ல் கலியாணம் செய்து கொண்டார். இரண்டு பிள்ளைகள். குழாய் வேலை. 1942-ல் ஜெர்மன் விமானங்கள் பாத் நகரத்தின் மீது குண்டு போட்டபோது தீயணைப்புப் படையில் வேலை செய்தார். 1963-ல் ஓய்வு பெற்றார். மனைவியோடு அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தும், யுத்தத்தைப் பற்றி அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெற்ற பிள்ளைகள் இருவரும் அவருக்கு முன்னே மாண்டு போனார்கள். நீண்ட ஆயுளை வரமென்று வாழ்த்துகிறவர்கள் இதைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

முதியோர் விடுதியில் இருந்த காலத்தில், எதிர் அறைக் கதவைத் திறந்ததும் பளிச்சென்று எரியும் விளக்கு, அரைத் தூக்கத்தில் அவருக்கு அந்தக் குண்டு வெடித்த வெளிச்சமாகவே தோன்றும். நூறு வயதான பிறகுதான், 1998-ல், வாய் திறந்தார். திறந்தவர் சும்மா இருக்கவில்லை. யுத்தமென்பது சட்டம் போட்டுச் செய்யும் கொலை என்றார். நவம்பர் 11-ந் தேதி வைபவங்களை வெறும் வேஷமென்று ஒதுக்கி, செப்டம்பர் 22-ந் தேதியையே தம் நினைவு நாளாக வைத்துக் கொண்டார். கோழைகள், ஓடிப்போனவர்கள் என்று தங்கள் பட்டாளத்தாராலேயே சுடப்பட்ட சிப்பாய்களுக்காகப் பரிந்து பேசினார். 2006-ல் அப்படிப்பட்ட 306 பேருக்குச் சர்க்கார் மன்னிப்பளித்தது. செத்தவனுக்கு மன்னிப்பாம்!

2004-ல், அதே சண்டையில் எதிர்ப்பக்கம் நின்ற சார்ல்ஸ் கூன்ட்ஸ் என்ற 107 வயதுக் கிழவரைச் சந்தித்தார். கூன்ட்ஸ் அல்சேஸ் பிரதேசத்துக்காரர். அவர் பிறந்தபோது அது ஜெர்மனி. 1918-க்குப் பின் பிரான்ஸ். 1940-ல் மறுபடி ஜெர்மனி. பிறகு மறுபடி பிரான்ஸ். மண் நகரவில்லை, மனிதன் மாறவில்லை, "விரோதி" மாத்திரம் மாறிக் கொண்டே இருந்தான்! இரு கிழவர்களும் கை குலுக்கினார்கள். இவர் தம் ஊர் ஆப்பிள் மதுவைக் கொடுத்தார்; அவர் தம் ஊர் பிஸ்கோத்தைக் கொடுத்தார்.

கடைசியாய் மிஞ்சும் சிப்பாய்க்கு அரசாங்க மரியாதையோடு சவ அடக்கம் என்ற பேச்சு வந்தபோது, பேட்ச் வேண்டாமென்று சொல்லிவிட்டார். 2009 ஆகஸ்டில் வெல்ஸ் நகரத்துப் பெரிய மாதாகோயிலில் சடங்கு நடந்தது. அவர் விருப்பப்படி துப்பாக்கியோ வாளோ ஒன்றுகூட அங்கு வரவில்லை. பெட்டியின் பக்கத்தில் பெல்ஜிய, பிரெஞ்சுச் சிப்பாய்களோடு ஜெர்மன் சிப்பாய்களும் வெறுங்கையோடு நடந்து வந்தார்கள்.