சிறையிலிருந்து சட்டசபைக்கு

(வாலிபர் கூட்டமொன்றில் நியாயவாதி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாக்குக் கேட்கும் காலத்தில் வந்து, வாக்குக் கிடைத்ததும் மறைந்து போகின்றவனே அரசியல்வாதி என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி விட்டது. அந்த எண்ணத்துக்கு விலக்காக நின்ற ஒருவரைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். அவர் அவுஸ்திரேலியர். பெயர் பொப் பிறவுண். தொழிலால் வைத்தியர். ஓர் ஆற்றைக் காப்பதற்காகச் சிறை சென்று, சிறைவாயிலைக் கடந்த மறுநாளே சட்டசபையில் ஆசனம் ஏற்றவர்.

1944ஆம் ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்று, 1972இல் தஸ்மேனியாத் தீவுக்கு வைத்தியத் தொழில் நடத்த வந்து சேர்ந்தார். அவுஸ்திரேலியச் சமஷ்டியின் ஆறு மாநிலங்களுள் மிகச் சிறியது தஸ்மேனியா. அங்கே நீர்மின் ஆணைக்குழு என்றொரு நிறுவனம் இருந்தது. அது கை காட்டிய ஆறுகளிலெல்லாம் அணை எழுந்தது. மாநிலத்தின் இரு பெருங் கட்சிகளும் அதன் சொல்லுக்கு மறுசொல் கூறியதில்லை. பிறவுண் வந்த அதே 1972இல், மலைகளின் நடுவே வெண்மணற் கரையோடு கிடந்த பெடர் ஏரி அணைநீரில் மூழ்கத் தொடங்கியது. அதைத் தடுக்க முயன்று தோற்றவர்கள் அவ்வாண்டிலேயே ஓர் அரசியற் கட்சியை அமைத்தனர். உலகின் முதலாவது பசுமைக் கட்சி என்று இன்று எண்ணப்படுவது அதுவே. தோல்வியின் வயிற்றிலே பிறந்த கட்சி அது.

அடுத்த இலக்கு பிராங்ளின் ஆறு. 1976இல் பிறவுண் ஒரு நண்பரோடு இறப்பர்த் தெப்பமேறி அந்த ஆற்றின் வழியே பயணஞ் செய்தார். அந்நாளில் மனிதக் குடியிருப்பற்றுக் கிடந்த மழைக்காடுகளின் ஊடாக ஓடிய ஆறு அது. பயணத்தின் முடிவில், கோர்டன் ஆற்றோடு அது கலக்கும் இடத்துக்கு அண்மையில், அணைக்கான ஆய்வு வேலைகள் நடப்பதைக் கண்டார். அவ்வாண்டில் உருவான தஸ்மேனிய வனப் பாதுகாப்புச் சங்கத்தில் இணைந்து, பின்னர் வைத்தியத் தொழிலை விட்டு அதன் இயக்குநரானார். 1981இல் ஆற்றங்கரைக் குகையொன்றில், பனியுகத்தில் வாழ்ந்த ஆதிக்குடிகளின் கல்லாயுதங்கள் வெளிப்பட்டன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் வாழ்ந்த இடமும் அணைநீருக்கு இரையாகவிருந்தது என்பதை அப்பொழுதுதான் நாடு அறிந்தது.

தோழர்களே, 1981 டிசம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பைச் சற்று உற்று நோக்குங்கள். அணையை இந்த இடத்திற் கட்டுவதா, அந்த இடத்திற் கட்டுவதா என்ற இரண்டே வினாக்கள் வாக்குச் சீட்டில் இருந்தன. அணையே வேண்டாம் என்று சொல்ல அதில் இடமில்லை. மக்கள் என்ன செய்தார்கள்? வாக்களித்தோருள் மூன்றில் ஒரு பங்கினர் ‘அணை வேண்டாம்’ என்று தம் கையால் சீட்டில் எழுதினர். அவை செல்லாத வாக்குகளென ஒதுக்கப்பட்டன. பிராங்ளினை மூழ்கடிக்கும் திட்டத்துக்கு 47 சதவீதம் கிடைத்தது. 1982இல் ஆட்சிக்கு வந்த ரொபின் கிறேயின் அரசாங்கம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டம் நிறைவேறி விட்டது. வேலையாட்களுக்குத் தொழில் தருவோம் என்ற வாக்குறுதியும் வழங்கப்பட்டு விட்டது. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்த ஒரு தீவில் அந்த வாக்குறுதியை அற்பமாக மதிப்பது நியாயமாகாது. அணையை ஆதரித்தவர்களுள் பலர் ஏழைத் தொழிலாளர். ஆகவேதான் பிறவுணும் தோழர்களும் தம் போராட்டத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்துக் கொண்டனர். மறியலில் ஈடுபடுவோர் யாவரும் முதலில் சாத்வீகப் பயிற்சி பெற வேண்டும். அணைத் தொழிலாளியையோ பொலிஸ்காரரையோ பகைவராகக் கருதலாகாது என்பது அவர்களின் விதி. 1982 டிசம்பர் 14ஆம் திகதி மறியல் தொடங்கியது. அதே நாளில் பரீஸ் நகரில் கூடிய உலக மரபுரிமைக் குழு, அந்த வனப்பிரதேசத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

1,200க்கும் மேற்பட்டோர் கைதாயினர். மீண்டும் அவ்விடம் செல்லோம் என்று ஒப்புக் கொண்டாற் பிணை கிடைக்கும். நூற்றுக்கணக்கானோர் அந்தப் பிணையை மறுத்துச் சிறையை ஏற்றனர். பிறவுண் 19 நாட்கள் றிஸ்டன் சிறையில் இருந்தார். அவர் உள்ளே இருந்த வேளையில், அணையை எதிர்த்து வந்த உறுப்பினர் ஒருவரின் இராஜினாமாவால் வெற்றிடமான சட்டசபை ஆசனம் அவரை வந்தடைந்தது. 1983 ஜனவரியில், விடுதலையான மறுநாள், அவர் சட்டசபை உறுப்பினரானார்.

இனி வழக்குக்கு வருகின்றேன். 1983 மார்ச்சில் நடந்த பொதுத் தேர்தலில், அணையை நிறுத்துவோம் என்று வாக்குறுதி தந்த பொப் ஹோக் பிரதம மந்திரியானார். அவருடைய அரசாங்கம் அணைக்குத் தடை விதிக்கும் சட்டத்தை இயற்றியது. தஸ்மேனியா அடிபணியவில்லை. வழக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தை அடைந்தது. நிலமும் நீரும் மாநிலத்துக்குரியவை; மத்திய அரசாங்கத்துக்கு அங்கே என்ன அலுவல் என்பது தஸ்மேனியாவின் வாதம். வெளிநாட்டலுவல்கள் பற்றிய அதிகாரம் எமக்கு உண்டு. உலக மரபுரிமை உடன்படிக்கையில் ஒப்பமிட்ட நாடு அதை நிறைவேற்றக் கடமைப்பட்டது என்பது மத்திய அரசாங்கத்தின் மறுமொழி. 1983 ஜூலை 1ஆம் திகதி, நால்வருக்கு மூவர் என்ற கணக்கில், மத்திய அரசாங்கத்துக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. பிரதம நீதியரசர் கிப்ஸ் சிறுபான்மையில் நின்றார். ஒரு நீதிபதியின் கருத்து மாறியிருப்பின் பிராங்ளின் இன்று ஒரு நீர்த்தேக்கமாகவே இருக்கும்.

இவ்விடத்தில் உங்களுள் சிலருக்கு ஐயம் எழும். சமஷ்டியை வேண்டி நிற்கும் நாம், ஒரு மாநிலத்தின் கையை மத்தி கட்டிப்போட்ட தீர்ப்பைப் பாராட்டலாமா? நியாயமான கேள்வி. என் விடை இது. மத்தி அங்கே தன் விருப்பப்படி படையெடுத்துப் போகவில்லை. அரசியலமைப்பிலே தனக்கு எழுதப்பட்ட அதிகாரம் எது என்று காட்டி, வாதாடி, சுதந்திரமான நீதிமன்றத்தின் முன் அதை நிலைநாட்ட வேண்டியிருந்தது. மாநிலமும் சமமாக நின்று எதிர்வாதம் புரிந்தது. எழுதப்பட்ட எல்லையும் அதைக் காக்கும் நீதிமன்றமும் உள்ள இடத்திற்றான் சமஷ்டி உயிர் வாழும். மேலும், மாநிலத்தின் பெரும்பான்மைக்குள்ளும் ஒரு சிறுபான்மை உண்டு. வாக்குச் சீட்டில் இடம் மறுக்கப்பட்ட அந்த மூன்றில் ஒரு பங்கினருக்கும் முறையிட ஒரு வாயில் வேண்டாமா?

ஆயினும், நீதிமன்றத்தின் மேல் முழுப் பாரத்தையும் சுமத்தி உறங்கி விடலாம் என்று எண்ணாதீர்கள். இதைப் பிறவுணே பின்னர் கசப்போடு கற்றார். 1989இல் ஐந்து பசுமை உறுப்பினர்களுள் ஒருவராகத் தஸ்மேனியச் சட்டசபையில் தராசு முள்ளாக நின்று, உலக மரபுரிமை வனத்தின் எல்லையை விரிவுபடுத்தச் செய்தார். 1996இல் மூதவையாகிய செனட் சபைக்குத் தெரிவானார். 2005இல் வியலங்ரா என்னுங் காட்டில் மரந்தறிப்பதை எதிர்த்துத் தம் பெயரிலேயே வழக்குத் தொடுத்தார். அருகிவரும் கழுகு, கிளி, வண்டு ஆகிய மூவினங்களுக்கு அந்த வேலையால் ஆபத்து என்று 2006 டிசம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். நடந்ததென்ன? இரண்டு மாதங்களுக்குள் மத்திய, மாநில அரசாங்கங்கள் இரண்டும் கூடித் தமது வன ஒப்பந்தத்தின் வாசகத்தைத் திருத்தின. உயிரினங்கள் உண்மையிற் காக்கப்படுகின்றனவா என்று இனி எவரும் கேட்க வழியில்லாதவாறு, காக்கப்படுவதாக இரு அரசாங்கங்களும் ஒப்புக் கொள்கின்றன என்று எழுதிக் கொண்டன. 2007இல் மேன்முறையீட்டிலும் பிறவுண் தோற்றார். 2009இல் ஏறத்தாழ 2,40,000 டொலர் வழக்குச் செலவு அவர் தலையில் விழுந்தது. கட்டத் தவறின் வங்குரோத்து; வங்குரோத்தானால் செனட் ஆசனம் பறிபோகும். நாடெங்குமிருந்து பொதுமக்கள் அனுப்பிய நன்கொடைகளே அவரைக் காப்பாற்றின.

பிராங்ளின் நிலைத்தது, வியலங்ரா சரிந்தது. காரணம் என்ன? முன்னையதன் பின்னே சிறைக்கஞ்சாத மக்கள் திரளும் ஒரு பொதுத் தேர்தலின் முடிவும் இருந்தன. பின்னையதன் பின்னே ஒரு தீர்ப்பு மாத்திரமே இருந்தது என்பது என் கணிப்பு. மக்களின் காவலில்லாத தீர்ப்பை ஒரு பேனா முனை அழித்து விடும்.

அவர் குறைகளற்றவர் என்று நான் கூற வரவில்லை. 2012இல் செனட்டிலிருந்து ஓய்வு பெற்ற பின், 2019இல் குயின்ஸ்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து ஒரு வாகன அணியை அங்கு நடத்திச் சென்றார். வெளியார் வந்து எம் பிழைப்பைக் கெடுப்பதா என்று சுரங்க ஊரார் பலர் சீறினர். அவ்வாண்டுத் தேர்தலில் அது எதிர்விளைவையே தந்தது என்று கூறுவோர் பலருண்டு. ஊர் மக்களை வென்றெடுக்காத போராட்டம் எத்துணை நியாயமாயினும் இடறும்.

எனினும் அவர் சளைக்கவில்லை. 2016இல், 71 வயதில், லப்போய்னியா காட்டில் மரந்தறிப்பை எதிர்த்து நின்று கைதானார். கைது செய்யப் பயன்பட்ட ஆர்ப்பாட்டத் தடைச் சட்டத்தையே அதியுயர் நீதிமன்றத்திற் கேள்விக்குட்படுத்தினார். 2017 அக்டோபரில், அரசியற் கருத்தை வெளியிடும் சுதந்திரத்தை அச்சட்டத்தின் முக்கிய பிரிவுகள் மீறுகின்றன என்று பெரும்பான்மை நீதிபதிகள் அவற்றைச் செல்லாதவையாக்கினர். அந்த வெற்றி மரங்களுக்கு மட்டும் உரியதன்று. எதிர்ப்புக் குரல் எழுப்பும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரியது.

வாலிபத் தோழர்களே, வாக்கெடுப்பில் தோற்றோம், சட்டசபையில் நமக்கு எண்ணிக்கை இல்லை என்று மனஞ்சோர்வோர் இந்த வைத்தியரை எண்ணிப் பாருங்கள். சீட்டில் இடமில்லாவிடில் ஓரத்தில் எழுதுங்கள். எழுதியதற்காகத் தண்டனை வந்தால் ஏற்றுக் கொள்ளுங்கள். தீர்ப்புச் சார்பாக வந்தால், அன்றிரவே உங்கள் காவற்கடமை தொடங்குகின்றது என்று அறிந்து கொள்ளுங்கள்.