மன்னர் உடுத்திய மலைநாட்டு உடை

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆடை மனிதனுக்கு மதிப்பைத் தருகிறது என்று அதற்குப் பொருள் கூறுவர். அவ்வாறாயின், ஆடைக்கு மதிப்பைத் தருபவர் யார்? ஒரு காலத்தில் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகக் கருதப்பெற்ற ஓர் உடை, 75 ஆண்டுகள் கழிந்தபின் நாடாளும் மன்னரே விரும்பி அணிந்த அலங்காரமாயிற்று. ஸ்காட்லாந்தின் ‘கில்ட்’ என்னும் உடையின் வரலாறு அது.

ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் மலைகளும் ஏரிகளும் நிறைந்த பகுதியை மலைநாடு என்பர். அங்கே கேலிக் மொழி பேசிய மக்கள் குலங்களாகப் பிரிந்து, குலத்தலைவர்களின் கீழ் வாழ்ந்தனர். 16-ஆம் நூற்றாண்டின் இறுதி முதலே அவர்கள் பல கஜ நீளமுள்ள கம்பளித் துணியை உடையாகக் கொண்டிருந்தனர். அதனைத் தரையில் விரித்து, கொசுவம் வைத்து, அதன்மேல் படுத்து, இடையில் தோல்வாரை இறுக்கிக்கொண்டு எழுவார்கள் என்று கூறுவர். இடைக்குக் கீழுள்ள பகுதி முழங்கால் வரை தொங்கும். மேற்பகுதி தோளைச் சுற்றி நிற்கும். பகலில் உடையாகவும், மழையில் முக்காடாகவும், இரவில் போர்வையாகவும் அந்த ஒரு துணியே பயன்பட்டது. ஆடு மாடுகளை மேய்த்து ஈர நிலத்தில் அலைந்த மக்களுக்கு அதனினும் ஏற்ற உடை வேறு யாது?

இந்நீண்ட துணியின் கீழ்ப்பாதியை மட்டும் தனியே பிரித்து, பின்புறக் கொசுவத்தைத் தைத்துவிட்டதே இன்றைய கில்ட். இது 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவிய மாற்றம். மலைநாட்டில் இரும்பு உருக்கும் தொழில் நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயரே தம் தொழிலாளரின் வசதிக்காக இதனைப் புகுத்தினார் என்று 1785-இல் வெளியான ஒரு கடிதம் கூறுகிறது. இதனை மறுக்கும் ஆராய்ச்சியாளரும் உளர். உடையில் சட்டைப்பை போன்ற பை இல்லாமையால், ‘ஸ்போரன்’ என்னும் தோற்பை முன்புறத்தில் தொங்குவதாயிற்று.

அக்கால அரசர்கள் இவ்வுடையை அணிந்தனரா? ஐந்தாம் ஜேம்ஸ் மன்னருக்காக 1538-இல் வெல்வெட்டினால் ஆன குட்டைச் சட்டையும், ‘டார்ட்டன்’ எனப்படும் மலைநாட்டுத் துணியில் காலுறையும் தைக்கப்பெற்றதாக அரசாங்கக் கணக்கேட்டில் பதிவு உள்ளது. அவர் அணிந்தது காலுறையேயன்றிக் கொசுவ உடையன்று. சமவெளி நகரத்தாரோ மலைநாட்டாரின் உடையை நாகரிகமற்றோர் கோலம் என்று எள்ளி நகையாடினர்.

1745-இல் இளவரசர் சார்லஸ் எட்வர்டு ஸ்டூவர்ட், தம் முன்னோர் இழந்த அரியணையை மீட்க மலைநாட்டில் கொடி உயர்த்தினார். மறு ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் கல்லோடன் போர்க்களத்தில் அவருடைய படை சிதறியது. வெற்றி பெற்ற அரசாங்கம் குலங்களின் வலிமையை ஒழிக்க விரும்பி, படைக்கருவியோடு உடையையும் பறித்தது. 1746-இல் இயற்றப்பெற்று 1747 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, கில்ட் அணிந்தவருக்கு முதல் முறை ஆறு மாதச் சிறை. மறுமுறை ஏழாண்டு நாடு கடத்தல்.

அச்சட்டம் அரசாங்கப் படையில் பணி புரிந்தோருக்கு மட்டும் விலக்கு அளித்தது. தன் ஊரில் உழவனுக்கு மறுக்கப்பட்ட உடை, அரசருக்காகப் போரிடும் சிப்பாய்க்கு உரியதாயிற்று! இவ்வாறு திரட்டப்பெற்ற மலைநாட்டுப் படைகளுள் ஒன்று 1781-இல் நம் பரங்கிப்பேட்டையில் ஐதர் அலிக்கு எதிராக நின்றது. தடைச்சட்டம் நீங்கியது 1782-இல். அதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. மக்களுட் பலர் கால்சட்டைக்குப் பழகிவிட்டனர்.

இனி 1822-ஆம் ஆண்டுக்கு வருவோம். 1651-க்குப் பின் ஆட்சியிலிருந்த மன்னர் எவரும் ஸ்காட்லாந்து மண்ணை மிதித்ததில்லை. நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வரப்போகும் செய்தி எட்டியதும், வரவேற்பை வகுக்கும் பொறுப்பு நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட்டிடம் வந்தது. அவர் நகர் முழுவதையும் மலைநாட்டுக் கோலத்தில் காண விரும்பினார். மலையையே காணாத கனவான்களும் தமக்கு ஒரு குலத்தைத் தேடிக்கொண்டு தையற்காரரிடம் ஓடினர். பானக்பர்ன் நகரில் வில்சன் குடும்பத்தார் நடத்திய நெசவுச்சாலையில் வேலை குவிந்தது. அங்கே எண்களால் குறிக்கப்பெற்ற துணிவகைகள் சில, காலப்போக்கில் குலப்பெயர்களைச் சூடிக்கொண்டன.

ஆகஸ்டு 17-ஆம் நாள் ஹோலிரூடு அரண்மனையில் மன்னர் செந்நிற ராயல் ஸ்டூவர்ட் டார்ட்டனில் காட்சியளித்தார். அவருக்கு வயது 60. உடலோ மிகப் பருத்தது. கில்ட்டின் கீழே தோல் நிறத்தில் இறுக்கமான காலுறை அணிந்திருந்தார். உடை, அணிகலன், வாள், கைத்துப்பாக்கி அனைத்திற்கும் ஆன செலவு 1,354 பவுன். ஓவியர் டேவிட் வில்கி பிற்காலத்தில் தீட்டிய படத்தில் மன்னர் மெலிந்த வீரராகவே தோன்றுகிறார்!

அரசர் வழியே அரச குடும்பமும் சென்றது. விக்டோரியா அரசியாரும் கணவர் ஆல்பர்ட்டும் 1848 முதல் பால்மோரல் மாளிகையில் கோடைக்காலத்தைக் கழித்தனர்; தம் பிள்ளைகளுக்குக் கில்ட் அணிவித்து மகிழ்ந்தனர். சாம்பல் நிறம் மிகுந்த பால்மோரல் டார்ட்டனை வகுத்தவர் ஆல்பர்ட்டே.

நேயர்களே, இப்பெருமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எடின்பரோவில் விழா நடந்த காலத்திலேயே, மலைநாட்டில் நிலக்கிழார்கள் குடியானவரை வெளியேற்றி, அந்நிலங்களை ஆட்டுப் பண்ணைகளாக்கிக்கொண்டிருந்தனர். சதர்லாந்துப் பகுதியில் 1811 முதல் பத்தாண்டுக் காலத்தில் பல்லாயிரவர் தம் வீடுகளை இழந்தனர். கடல் கடந்து கனடாவுக்குச் சென்ற குடும்பங்கள் பல. உடைக்கு முடிசூட்டிய காலமும், உடைக்குரியவர் வீடிழந்த காலமும் ஒன்றே.

கில்ட் முழுவதும் தொன்மையானது என்று புகழ்வோரும் உண்டு. முழுவதும் புனைந்தது என்று இகழ்வோரும் உண்டு. இரண்டும் பாதி உண்மையே. கம்பளியும் கொசுவமும் மக்களுடையவை. குலத்திற்கோர் வண்ணம் என்னும் ஒழுங்கும் விழாக்கோலமும் பெரும்பாலும் பிற்காலத்தார் சேர்த்தவை. வரலாறு பயிலும் மாணவர்கள் ஒரு மரபினைக் காணும்போது, அது எத்துணைப் பழமையானது என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அதனைப் படைத்த மக்கள் பின்னர் என்ன ஆயினர் என்றும் கேட்டல் வேண்டும். ஒரு மக்களின் ஆடையைப் போற்றுதல் எளிது. அந்த மக்களைப் போற்றுதலே அரிது.