எந்த நாவு காயத்துக்கு எந்த மருந்து?



தவக்காலத்தின் முதல் வார வெள்ளிக்கிழமை நற்செய்தியில் (மத் 5:20-26) இயேசு கொலையைப் பற்றிப் பேசத் தொடங்கி, உடனே வசைச்சொல்லுக்கு வருகிறார். அங்கே மூலத்தில் உள்ள 'ராக்கா' என்ற அரமேயச் சொல்லுக்கு 'வெறுமையானவன்', 'மூளையில்லாதவன்' என்று பொருள்.

நாமோ ஒப்புரவு அருட்சாதனத்தில், "நாக்கால் பாவம் செய்தேன், சாமி" என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கோபத்தில் முகத்துக்கு நேரே திட்டுவது வசை. நாலு பேர் முன்னிலையில் சிரித்துக்கொண்டே சிறுமைப்படுத்துவது ஏளனம். ஒருவருடைய உண்மையான குறையைத் தேவையின்றிப் பிறரிடம் சொல்வது புறங்கூறுதல். இல்லாத குறையைச் சொல்வது அவதூறு. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2477) கடைசி இரண்டையும் பிரித்துக் காட்டி, இரண்டுமே குற்றம் என்கிறது. "உள்ளதைத்தானே சொன்னேன்" என்பது சமாதானம் ஆகாது. வள்ளுவரும் புறங்கூறாமைக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார்.

ஏன் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும்? பரிகாரம் வேறுபடுவதால்தான்.

நம் கோட்டூர்புரத்து அடுக்குமாடி வீடு ஒன்றில் கம்மலைக் காணோம் என்று வைத்துக்கொள்வோம். "வேலைக்கு வர்ற அம்மாதான் எடுத்திருக்கணும்" என்று லிஃப்டில் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிடுகிறோம். மாதம் முடிவதற்குள் அந்த அம்மாவுக்கு மூன்று வீட்டு வேலை போய்விடுகிறது. பிறகு கம்மல் தலையணை உறைக்குள் கிடைக்கிறது. அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, ஒரு புடவையும் கொடுத்தால் போதுமா?

திட்டியிருந்தால், அவரிடம் மன்னிப்புக் கேட்பது போதுமானதாக இருக்கலாம். நாலு பேர் முன் ஏளனம் செய்திருந்தால், அந்த நாலு பேர் முன்பே மன்னிப்புக் கேட்க வேண்டும். புறங்கூறியிருந்தால், அந்தப் பேச்சை நிறுத்தி, அவரிடமுள்ள நல்லதை எடுத்துச் சொல்ல வேண்டும். இதுவோ அவதூறு. யார் யாரிடம் சொன்னோமோ அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "நாங்கள் சொன்னது தவறு, அவர் திருடவில்லை" என்று சொல்ல வேண்டும். போன வேலை திரும்பக் கிடைக்கவும் நாமே முயல வேண்டும். பாவமன்னிப்புப் பெற்ற பிறகும் இந்தக் கடமை நீங்குவதில்லை என்று அதே மறைக்கல்வி (எண் 2487) சொல்கிறது.

வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அம்மா சுமந்த வெட்கம் இதைவிடப் பெரிது.

காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளச் சொல்கிறார் ஆண்டவர். இந்த ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படும் முன், நாம் தட்ட வேண்டிய கதவு எது என்று யோசிப்போம். அதைத் தட்டும் துணிவை அவரே நமக்குத் தருவாராக. ஆமென்.